மழை நாளுக்கு யார் கூலி கொடுப்பது?



விடியற்காலை நாலு மணிக்குத் தகரக் கூரையில் மழை விழும் சத்தம் கேட்டால் பட்டணத்துக்காரன் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வான். பால் மரம் வெட்டுகிற வீட்டில் அப்படியில்லை. "இன்னிக்கும் போச்சா?" என்ற கேள்விதான் முதலில் எழும்.

கெடா மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு நாம் போயிருந்தபோது மழை விட்டு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. பெரட்டு முடிந்து ஆட்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். உளி கையிலேயே இருந்தது. வாளி காலி. முப்பது வருஷமாக மரம் வெட்டும் ஓர் அம்மாவின் வீட்டில் உட்கார வைத்துக் கடுங்காப்பி கொடுத்தார்கள். சுவரில் மளிகைக்கடை கொடுத்த தமிழ் நாட்காட்டி தொங்கியது. அதில் பல தேதிகளைப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார்கள். விசேஷ நாளோ விரத நாளோ என்று நினைத்துக் கேட்டோம்.

"விசேஷமும் இல்ல, ஒண்ணும் இல்லங்கய்யா. மழை பேஞ்சு வேலை இல்லாத நாளு" என்றார் அந்த அம்மா. எண்ணிப் பார்த்தோம். அந்த ஒரு மாதத்தில் பதினொரு வட்டங்கள். தீபாவளி வரும் மாதம் அது.

"மழை பேஞ்சா மரத்துக்கு நல்லதுங்க. எங்க அடுப்புக்குத்தான் நல்லதில்ல."

அந்த ஒரு வார்த்தை நம்மை விடவில்லை. இந்த வாரம் அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

மழையும் மரமும்

பால்வெட்டுத் தொழில் வானத்தை நம்பிய தொழில் என்பது நமக்குப் புதிதல்ல. விடியலில் குளிர்ச்சியாக இருக்கும்போதுதான் மரத்தில் பால் நன்றாக இறங்கும். வெயில் ஏற ஏறப் பால் ஓட்டம் குறையும். பட்டை ஈரமாக இருந்தால் பால் கோட்டின் வழியே ஓடாமல் பட்டையின் மேல் பரவி வீணாகும். வெட்டி முடித்த பிறகு மழை வந்தாலோ, மங்கில் இருக்கும் பாலும் தண்ணீரோடு வழிந்து மண்ணுக்குப் போகும். ஈரத்தில் வெட்டிய கோட்டில் பூஞ்சண நோயும் புகும். ஆகவே மழை நாளில் வெட்டாமல் இருப்பது சோம்பேறித்தனமல்ல. மரத்தைக் காப்பாற்றும் முறை அது.

வடக்கே மழைக்காலம் முடிந்து தை, மாசி வந்தால் இலை உதிர்வு தொடங்கிவிடும். அப்போதும் பால் குறையும். ஆக மழையிலும் நட்டம், காய்ச்சலிலும் நட்டம். 'பெய்தும் கெடுக்கும், காய்ந்தும் கெடுக்கும்' என்று பெரியவர்கள் சொன்னது நமக்காகவே சொன்னது போல இருக்கிறது.

இது பழைய கதைதானே, இப்போது என்ன புதிது என்று சிலர் கேட்கலாம். புதிது இருக்கிறது. வானம் முன்பு போல இல்லை.

1998 ஏப்ரல் 9ஆம் தேதி பெர்லிஸ் மாநிலம் சுப்பிங்கில் வெயில் 40.1 பாகை செல்சியஸ் வரை ஏறியது. 2016இல் மீண்டும் கடும் வெயில் அடித்து, பெர்லிஸ், கெடா பகுதிகளில் பள்ளிக்கூடங்களையே மூட வேண்டி வந்தது. 2014 டிசம்பரில் கிளந்தானும் கிழக்குக்கரையும் வெள்ளத்தில் மூழ்கின. இரண்டு லட்சம் பேருக்கு மேல் வீட்டை விட்டு வெளியேறினார்கள். 2021 டிசம்பரில், வழக்கமாக அப்படி வெள்ளம் வராத சிலாங்கூரிலேயே ஷா ஆலாம் போன்ற இடங்களில் வீட்டுக் கூரை வரை தண்ணீர் ஏறியது. 2017 முதல் ரப்பர் மரங்களைப் புதியதோர் இலை நோயும் பிடித்திருக்கிறது. பெஸ்டலோடியோப்சிஸ் என்று அதற்குப் பெயர். ஈரம் அதிகமானால் அது வேகமாகப் பரவும், இலை கொட்டிவிடும், பால் குறைந்துவிடும்.

செம்பனைக்காரர்களும் தப்பவில்லை. இந்த வருஷம் வறட்சி அடித்தால் அதன் பலன் இந்த வருஷமே முழுதும் தெரியாது. தண்ணீர் இல்லாத மரம் பெண் பூவைக் குறைத்து ஆண் பூவைத் தள்ளும். குலை குறைவது அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் தெரியும். வெயிலில் வாடியது மரம். ஆனால் டன் கணக்கில் சம்பளம் வாங்கும் வெட்டுக்காரரின் பையில்தான் அந்த ஓட்டை விழுகிறது.

நட்டத்தை யார் தாங்குகிறார்கள்?

இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். மழையை யாரும் தடுக்க முடியாது. ஆனால் மழையால் வரும் நட்டத்தை யார் தலையில் ஏற்றுவது என்பது மனிதர்கள் செய்யும் முடிவு. கொள்கை என்று சொல்வதே அதைத்தான்.

நம் நாட்டில் விவசாயக் கொள்கைக்குப் பஞ்சமில்லை. முதல் தேசிய விவசாயக் கொள்கை 1984இல் வந்தது. இரண்டாவது 1992இல், மூன்றாவது 1998இல். 2011இல் உணவுப் பயிர்களுக்கென்று தனிக் கொள்கை வந்தது. இப்போது 2021 முதல் 2030 வரைக்கும் இரண்டு கொள்கைகள் நடப்பில் உள்ளன. ஒன்று உணவு விவசாயத்துக்கு. மற்றொன்று ரப்பர், செம்பனை, கொக்கோ, மிளகு போன்ற மூலப்பொருள்களுக்கு. இந்த இரண்டாவது கொள்கைக்கு ஐந்து தூண்கள். அவற்றில் ஒன்று 'எல்லோரையும் உட்படுத்துதல்' என்பது.

நல்ல வார்த்தை. நாம் கேட்பதெல்லாம் ஒன்றுதான். அந்த 'எல்லோரும்' என்பதில் நாட்காட்டியில் வட்டம் போடும் அந்த அம்மா இருக்கிறாரா?

நெல் விவசாயிக்கு உரமானியமும் விலை மானியமும் உண்டு. மீனவருக்கு மாதாந்திர வாழ்க்கைச் செலவு உதவி உண்டு. ரப்பர் சிறுதோட்டக்காரருக்கு விலை விழுந்தால் கைகொடுக்க 2015 முதல் ஒரு திட்டம் இருக்கிறது. 2024ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், கட்டிப்பால் விலை கிலோவுக்கு 3 வெள்ளிக்குக் கீழே போனால் வித்தியாசத்தை அரசாங்கம் ஈடுகட்டும் என்று அந்த எல்லை உயர்த்தப்பட்டது. மழைக்காலத்துக்கென்றே தனி உதவியும் அவர்களுக்கு இருக்கிறது. 600 வெள்ளியாக இருந்த அந்த உதவி 2023 வரவு செலவுத் திட்டத்தில் 800 வெள்ளி ஆனது.

இதில் நமக்குப் பொறாமை இல்லை. கொடுத்தது நியாயம். மழையில் மரம் வெட்ட முடியாது என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்டு, அந்த நாட்களுக்கு வீட்டில் அரிசி வேண்டும் என்றும் ஒப்புக்கொண்டதற்கு அதுவே அத்தாட்சி.

ஆனால் ஒரே மழை வேலியின் இரண்டு பக்கமும் பெய்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் 5 ஏக்கர் வைத்திருப்பவர் நனைந்தால் அது 'பாதிப்பு'. இந்தப் பக்கம் கம்பெனி மரத்தை வெட்டும் நிலமில்லாத தொழிலாளி நனைந்தால் அது வெறும் 'வேலை இல்லாத நாள்'. 40.46 ஹெக்டருக்குக் கீழே, அதாவது 100 ஏக்கருக்குக் கீழே நிலம் வைத்திருப்பவரைச் சிறுதோட்டக்காரர் என்கிறார்கள். ஒரு குழி நிலமும் இல்லாதவரை என்னவென்று சொல்வது? அவருக்குக் கொள்கையில் பெயரே இல்லை.

சட்டத்தில் இருப்பது

பெயர் கொள்கையில் இல்லாவிட்டாலும் சட்டத்தில் ஓர் இடம் இருக்கிறது. நம்மில் பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களும் மறந்துவிட்டார்கள்.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 16ஆவது பிரிவு தோட்டத் தொழிலாளருக்கென்றே எழுதப்பட்டது. வேலை செய்த நாட்களைக் கணக்கிட்டுச் சம்பளம் வாங்கும் தோட்டத் தொழிலாளிக்கு முதலாளி மாதத்தில் 24 நாளுக்குக் குறையாமல் வேலை கொடுக்க வேண்டும். கொடுக்க முடியாவிட்டால், வேலை செய்த நாளுக்கு என்ன கூலியோ அதே கூலியை அந்த நாட்களுக்கும் கொடுக்க வேண்டும். தொழிலாளி வேலைக்குத் தயாராகவும் உடல் தகுதியோடும் இருந்திருக்க வேண்டும். அது மட்டுமே நிபந்தனை. தயாராக இருந்தாரா இல்லையா என்று தகராறு வந்தால் தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநர் தீர்ப்புச் சொல்வார்.

வானத்தின் நட்டத்தைத் தொழிலாளி தனியாகத் தாங்கக்கூடாது என்ற எண்ணம் அன்றைக்கே சட்டம் எழுதியவர்களுக்கு இருந்திருக்கிறது பாருங்கள்!

"நாங்க நாள் சம்பளம் இல்லீங்க, பால் நிறைக்குத்தான் காசு" என்று சொல்வோர் உண்டு. அவர்களுக்குக் குறைந்தபட்சச் சம்பள ஆணை இருக்கிறது. 2013இல் தீபகற்பத்தில் 900 வெள்ளியில் தொடங்கிய குறைந்தபட்சச் சம்பளம், 2022 மே மாதம் 1,500 வெள்ளியாகி, 2025 பிப்ரவரி 1 முதல் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. ஐந்து பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருக்கும் சிறு முதலாளிகளுக்கும் அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் அது பொருந்தியது. நிறைக்கணக்கு, டன் கணக்கு, தாஸ் கணக்கு எதுவாக இருந்தாலும் மாதச் சம்பளம் 1,700 வெள்ளிக்குக் குறையக்கூடாது என்று அந்த ஆணை சொல்கிறது. வாரத்தில் ஆறு நாள் வேலை என்றால் நாளுக்கு 65 வெள்ளி 38 காசு.

அந்த அம்மாவின் பதினொரு வட்டங்களை இந்தக் கணக்கில் பெருக்கிப் பாருங்கள். 719 வெள்ளி 18 காசு. பிள்ளைகளின் தீபாவளித் துணியும், பள்ளிக்கூட பஸ் காசும், இரண்டு மாத மளிகைக் கடனும் அதற்குள் அடங்கிவிடும். அத்தனை வட்டமும் காசாக மாறும் என்று நாம் சொல்லவில்லை. 24 நாள் கணக்கும் வார ஓய்வும் போக மீதியைத்தான் பார்க்க வேண்டும். ஆனாலும் ஒரு மாதத்தில் எவ்வளவு பெரிய தொகை மழையோடு அடித்துக்கொண்டு போகிறது என்று இதில் தெரியும்.

அந்த அம்மாவுக்கு வேலை கொடுப்பவர் தோட்டத்து நிர்வாகம் அல்ல, ஒரு குத்தகைக்காரர். "வெட்டினா காசு, வெட்டலேன்னா இல்ல. சட்டம் கிட்டம் எல்லாம் கம்பெனி ஆளுக்குத்தான்" என்று அவர் சொல்லியிருக்கிறார். அது சரியல்ல. குறைந்தபட்சச் சம்பள ஆணை குத்தகைக்காரரின் ஆளுக்கும் உண்டு. குத்தகைக்காரர் சம்பளப் பாக்கி வைத்தால், வேலையை அவருக்குக் கொடுத்த நிர்வாகமும் மூன்று மாதச் சம்பளம் வரைக்கும் பொறுப்பு என்று வேலைச் சட்டத்தின் 33ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் 90 நாளுக்குள் கேட்க வேண்டும். "அடுத்த மாசம் பாப்போம்" என்று மூன்று முறை தள்ளிப்போட்டால் அந்த வழி அடைபட்டுவிடும்.

நிலம் என்ற கேள்வி

கூலியோடு விஷயம் முடியவில்லை. வெள்ளம் வந்தால் நிலம் உள்ளவன் தண்ணீர் வடிந்ததும் தன் மண்ணுக்குத் திரும்புவான். தோட்டத்து வீட்டில் இருப்பவன் எதற்குத் திரும்புவது? வேலை இருக்கும் வரைதான் வீடு. 1990ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளர் குடியிருப்பு எப்படி இருக்க வேண்டும், தண்ணீர், விளக்கு, சுகாதாரம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறது. நல்ல சட்டம். ஆனால் வீடு உனக்குச் சொந்தம் என்று அது சொல்லவில்லை.

1956இல் பெல்டா தொடங்கப்பட்டது. பகாங்கில் லூரா பீலூட் அதன் முதல் குடியேற்றம். காட்டை வெட்டி, ரப்பரும் பிறகு செம்பனையும் நட்டு, நிலமில்லாத ஏழைகளுக்கு ஆளுக்குச் சுமார் 10 ஏக்கர் என்று கொடுத்த திட்டம் அது. 112,635 குடியேற்றக்காரர்கள் அதில் இடம்பெற்றார்கள். 1990இல் புதியவர்களைச் சேர்ப்பது நின்றது. நிலமில்லாதவனுக்கு நிலம் கொடுத்தால் ஒரு தலைமுறையில் குடும்பம் நிமிரும் என்பதற்கு அந்தத் திட்டமே சாட்சி. ஆனால் அதே ரப்பரை, அதே செம்பனையைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்த தோட்டப் பாட்டாளிகளில் மிகச் சிலருக்குத்தான் அந்தக் கதவு திறந்தது.

அதற்காக நம் முன்னோர் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்காரத் துரைமார்கள் தோட்டங்களை விற்றார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாகக் கூறு போட்டார்கள். தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்து நின்றார்கள். அப்போதுதான் 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பங்கு 100 வெள்ளி. அதை மொத்தமாகக் கட்ட முடியாத தொழிலாளி மாதம் 10 வெள்ளியாகக் கட்டினார். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. மரம் வெட்டிய கைகளே மரத்துக்குச் சொந்தக்காரர்களான கதை அது. அன்றைய 10 வெள்ளி லேசான காசல்ல. வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசு.

அந்தப் பாடம் இன்றைக்கும் பழசாகவில்லை. நட்டத்தைத் தாங்க மண் வேண்டும். மண் இல்லையென்றால் சட்டமாவது வேண்டும். இரண்டும் இல்லாதவன் மேல்தான் மழை முழுதாகப் பெய்கிறது.

நாம் கேட்பது என்ன?

விவசாயக் கொள்கையைத் திருத்துகிறவர்கள் விளைச்சலைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். விளைவிக்கிறவனைப் பற்றியும் நான்கு வரி எழுதட்டும் என்பதே நம் வேண்டுகோள்.

முதலாவது, மழைக்கால உதவி சிறுதோட்டத்தோடு நிற்காமல், கம்பெனி மரம் வெட்டும் கைக்கும் வர வேண்டும். தோட்டத்து ஆள், குத்தகை ஆள் இருவரும் அந்தப் பட்டியலில் சேர வேண்டும்.

இரண்டாவது, 24 நாள் சட்டம் ஏட்டோடு நிற்கக்கூடாது. ஒவ்வொரு சம்பளச் சீட்டிலும் வேலை கொடுத்த நாள் எத்தனை, மழையால் நின்ற நாள் எத்தனை என்று தனித்தனியே எழுத வேண்டும்.

மூன்றாவது, மரத்துக்கு மழைக்காப்பு கட்ட வேண்டும். கோட்டுக்கு மேலே பாவாடை போல ஒரு பிளாஸ்டிக் தகடு சுற்றிக் கட்டினால் பட்டை காய்ந்திருக்கும். வெட்டு நாள் கூடும். இது நிர்வாகத்துக்கும் லாபம், தொழிலாளிக்கும் லாபம். சிறுதோட்டத்துக்கும் பெரிய தோட்டத்துக்கும் இதற்கென்று உதவி ஒதுக்கினால் நல்ல கொள்கை அதுவே.

நான்காவது, வெயிலும் வேலை ஆபத்துதான் என்பதை ஏற்க வேண்டும். வேலையிட வெப்பம் பற்றி அரசாங்கம் 2016இலேயே வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. திருத்தப்பட்ட பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்தது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பினால், நிர்வாகத்திடம் சொல்லியும் சரிசெய்யாவிட்டால், வேலை இடத்தை விட்டு விலக அது உரிமை தருகிறது. குலை வெட்டுகிறவருக்கும் மருந்தடிக்கிறவருக்கும் நிழலும் குடிதண்ணீரும் வேலை நேர மாற்றமும் வேண்டும். பக்கத்து நிரையில் வேலை செய்யும் இந்தோனேசியருக்கும் வங்காளதேசிக்கும் இதே உரிமைதான். வெயில் கடப்பிதழ் பார்த்து அடிப்பதில்லை.

ஐந்தாவது, ஓய்வு பெறும் தொழிலாளிக்கு வீடு. தோட்டம் கைமாறும்போதும் வீட்டு மனையாக மாறும்போதும், அங்கே உழைத்த குடும்பங்களுக்கு மேட்டு நிலத்தில், தண்ணீர் ஏறாத இடத்தில் வீட்டுக்கு வழி செய்த பிறகே அனுமதி கொடுக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

கேட்பது ஒரு பக்கம். நம் பக்கத்திலும் வேலை இருக்கிறது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். ஆனால் தொழிலாளர் இலாகாவில் அழுகை செல்லாது, கணக்குத்தான் செல்லும்.

பெரட்டுக்குப் போன நாள், வேலை கொடுத்த நாள், மழையால் திருப்பி அனுப்பிய நாள் மூன்றையும் எழுதி வையுங்கள். சம்பளச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். சீட்டே கொடுக்காவிட்டால் அதையும் எழுதி வையுங்கள். மழை என்று வீட்டிலேயே படுத்துவிடாமல் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வாருங்கள். 'வேலைக்குத் தயாராக இருந்தேன்' என்பதற்கு அதுதான் அத்தாட்சி. தொழிற்சங்கம் இருந்தால் சங்கத்தின் மூலம் கேளுங்கள். சங்கம் இல்லாத குத்தகை ஆட்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள். படித்த பிள்ளைகள் பெற்றோருக்காக மனு எழுதிக் கொடுக்க வேண்டும். எஸ்.பி.எம். படித்த பிள்ளை வீட்டிலிருந்தும் அப்பாவின் சம்பளச் சீட்டை ஒருமுறையாவது படித்துப் பார்க்காவிட்டால் அந்தப் படிப்பால் என்ன பயன்?

விடைபெறும்போது அந்த அம்மாவிடம் ஒன்று சொன்னோம். "இந்த நாட்காட்டியை வருஷம் முடிந்ததும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள் அம்மா. பத்திரமாக வையுங்கள்" என்று.

அவர் சிரித்தார். "பிள்ளைக்குக் கணக்குக் காட்டத்தாங்கய்யா வட்டம் போட்டேன். ஏன் இந்த மாசம் துணி எடுக்கலேன்னு கேட்டா, இதக் காட்டலாம்னு" என்றார்.

பிள்ளைக்குக் காட்ட வைத்திருந்த கணக்கு அது. இனி அதைக் காட்ட வேண்டிய இடம் வேறு. நாம் அதைச் சொன்னதும் அந்த அம்மா எழுந்து போய், நாட்காட்டியை ஆணியிலிருந்து கழற்றி, அன்றைய தேதிக்கும் ஒரு வட்டம் போட்டார். பன்னிரண்டு.

உங்கள் தோட்டத்தில் மழை நாள் கணக்கு எப்படி நடக்கிறது? நமக்கு எழுதுங்கள். பெயர் வேண்டாம் என்றால் போட மாட்டோம்.